சிவப்பி மேடு ஏறிய வெள்ளிக்கிழமை

தையல் மெஷினுக்கும் மேடு ஏறாத லாரிக்கும் என்ன சம்பந்தம்? போன வருஷம் யாராவது என்னை நிறுத்தி இப்படிக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். இப்போது பதில் தெரியும். ஆனால் ஒரே வரியில் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அக்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

தெருவில் எல்லாருக்கும் அவர் ரிப்பேர் அக்கா. அவருடைய அண்ணன் வீட்டுக்கு மட்டும் ஊசி. சின்ன வயதில் அவ்வளவு ஒல்லியாக இருந்தாராம். இப்போது நாற்பத்தைந்து வயது, உடம்பும் நன்றாகப் பூசியிருக்கிறது. பெயர் மட்டும் இளைத்தபடியே நிற்கிறது.

கடை ஒரே ஒரு ஷட்டர் அகலம்தான். உள்ளே ஒரு நீள மேஜை. அதன் மேல் வயிற்றைத் திறந்து போட்ட நாலைந்து மெஷின்கள். சுவர் முழுக்க பிஸ்கட் டின்கள். எந்த டின்னில் எந்த ஸ்குரூ என்று எழுதி ஒட்டவில்லை. அக்காவின் கைக்குத் தெரியும். கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம், "வந்த மாப்பிள்ளைங்கள்ல ஒருத்தருக்குக்கூட பாபின் மாட்டத் தெரியல" என்பார்.

பதினெட்டு வயதில் அவர் ஒரு துணிக் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் மக்கர் செய்தால் மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் வர அரை நாள் ஆகும். ஒரு நாள் பொறுமை போய், கத்தரிக்கோல் முனையால் அக்காவே மூடியைத் திறந்தார். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் காலர் மறந்துபோயிற்று. கம்பெனியில் திட்டு விழுந்தது. வீட்டில் சிரிப்பு விழுந்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

அண்ணன் அப்போதுதான் லாரி வாங்கியிருந்தார். தீயணைப்பு நிலையத்தில் ஏலத்துக்கு விட்ட பழைய வண்டி. அண்ணனைவிட வயதில் மூத்தது. மற்ற லாரிகளெல்லாம் டீசலில் ஓடும்போது அது மட்டும் பெட்ரோல் குடித்தது. தண்ணீர் டாங்க் ஏற்கெனவே முதுகில் இருந்ததால் தண்ணீர் லாரியாக மாற்ற அதிகம் சிரமப்படவில்லை. தண்ணீர் வாரியம் சொன்னபடி நீலப் பெயின்ட் அடித்தார். எங்கே கீறல் விழுந்தாலும் அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது. அதனால் அதற்குச் சிவப்பி என்று பெயர் ஆயிற்று.

ஒரு நாள் துணிக் கம்பெனிக்குத் தண்ணீர் இறக்கப் போன அண்ணன், பின்பக்கம் குப்பையோடு கிடந்த ஒரு மெஷினைக் கேட்டு வாங்கினார். அதைச் சிவப்பியின் முன் சீட்டில் உட்கார வைத்து, கயிற்றால் கட்டி, பக்கத்தில் பெண் பிள்ளையை அழைத்து வருகிறவர் மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தா ஊசி. முடியுதான்னு பாரு. முடியலைன்னா கதவுக்கு முட்டுக் குடுத்துக்கலாம்."

நாலு மாதம் ஆனது. மெஷின் ஓடியது. இன்றைக்கும் அக்கா தன் ஜாக்கெட்டுகளை அதில்தான் தைக்கிறார்.

இதெல்லாம் பழைய கணக்கு. புதிய கணக்கு ஒன்றும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் அக்காவின் வலது தோளில் ஆபரேஷன் நடந்தது. ஐந்து மாதம் கையைத் தூக்கக் கூடாது. ஷட்டரைத் தூக்காமல் கடை எப்படித் திறப்பது? அண்ணன் தினமும் காலை ஆறு மணிக்குச் சிவப்பியை வாசலில் நிறுத்துவார். ஷட்டரைத் தூக்குவார். ரிப்பேருக்கு வந்த மெஷின்களைத் தரையிலிருந்து மேஜைமேல் எடுத்து வைப்பார். "வரேன்" என்பார். போய்விடுவார். சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் இறக்கி, ஷட்டரை இழுத்துவிடுவார். ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. நன்றி சொல்ல அக்கா வாயைத் திறந்தாலே, "ஏன், காத்து வரலயா?" என்று கிண்டல் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அந்த அண்ணனுக்குத்தான் போன வருஷம் ஆபத்து வந்தது.

சிவப்பியின் வேலை மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுபோவது. குழாய் எட்டாத உயரம். நூற்றுப் பத்து வீடு. பேக்கரி வளைவிலிருந்து சாலை செங்குத்தாக ஏறும். இருபத்தைந்து வருஷம் முக்கல் முனகல் இல்லாமல் ஏறிய வண்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திணற ஆரம்பித்தது. நின்ற இடத்தில் ஓடும்போது எந்தக் குறையும் இல்லை, சீரான சத்தம். சமதரையிலும் சமாளித்தது. மேட்டில் மட்டும், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் உறுமுமே தவிர இழுக்காது. ரேடியேட்டர் கொதிக்கும். அண்ணன் பாதி லோடு ஏற்றி இரண்டு தடவை போனார். பிறகு கால் லோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் லோடோடும் வளைவில் நின்றுவிட்டது. மேலே பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். கீழே அண்ணன் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தண்ணீர் வாரிய மேற்பார்வையாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை காலைல ஏழு மணிக்கு முழு லோடோட என் கண்ணு முன்னாடி ஏத்திக் காட்டுங்க. ஏறலைன்னா சனிக்கிழமைலேர்ந்து வேற லாரி. தப்பா நெனைக்காதீங்க, ஜனங்க தண்ணியில்லாம இருக்க முடியாது." அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அண்ணனை இன்னும் அழுத்தியது. அந்த ரூட் போனால் அவ்வளவு பழைய வண்டியை வேறு யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் அதற்குள் வந்து டாங்க்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அண்ணி கடைக்கு வந்தார். கிழியாத ஜாக்கெட் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். வருவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே.

"உங்க அண்ணன் மூணு நாளா சரியா சாப்பிடல ஊசி. கேட்டா வயிறு சரியில்லைங்கறாரு. அவரு வயிறு அந்த லாரி பானெட்டுக்குள்ளதான் இருக்கு, எனக்குத் தெரியாதா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணி."

"உன்கிட்ட எப்பத்தான் எதைச் சொன்னாரு? தங்கச்சிக்குத் தொந்தரவு குடுத்துட்டா தலையில வானம் விழுந்துடும் அவருக்கு."

அண்ணி போனபின் அக்கா ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, கடைக்கு 'மதியம் வரவும்' என்று அட்டை மாட்டிவிட்டு மெக்கானிக் ஷெட்டுக்குக் கிளம்பினார்.

மெக்கானிக் முப்பது வயது மனிதர், கைராசிக்காரர். ஆனால் டீசலில் பிறந்து டீசலில் வளர்ந்தவர். பிளக் மாற்றியிருந்தார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தார். பெட்ரோல் பம்பையும் பார்த்துவிட்டார்.

"இது பெட்ரோல் குடிக்கற தாத்தா அக்கா. டீசல்னா என்கிட்ட பேசும். இது மூஞ்சியத் திருப்பிக்குது."

அண்ணன் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தார். "நீ ஏன் கடையை விட்டுட்டு வந்தே? இதென்ன தையல் மெஷினா?"

"தையல் மெஷின் இல்லதான். ஏண்ணே, இந்த வண்டியோட புஸ்தகம்னு ஏதாவது உண்டா?"

இருந்தது. ஏலத்தில் வண்டியோடு வந்த புத்தகம், சீட்டுக்கு அடியில் தகரப் பெட்டியில், பிளாஸ்டிக் சுற்றி. இங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாத மொழி. அதனால் இருபத்தாறு வருஷமாக யாரும் திறக்கவில்லை. அக்காவுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. அவர் கைக்கு வரும் மெஷின்களின் புத்தகங்களும் பாதி அப்படித்தான். அவர் எழுத்தைப் பார்ப்பதில்லை. படத்தையும் அம்புக்குறியையும் பார்ப்பார்.

ஷெட் மேஜையில் விரித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். டிஸ்ட்ரிபியூட்டர் படம் வந்தது. எல்லா பிளக்குகளுக்கும் முறைபோட்டு நெருப்புப் பொறி அனுப்பும் குடுவை அது. மூடியைத் திறந்தால் நடுவில் ரோட்டர் என்று ஒரு சுழலும் துண்டு. படத்தில் ஒரு கை அதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தது.

"தம்பி, இங்க பாருங்க. கை திருப்புது. ஒரு அம்பு இந்தப் பக்கம். அடுத்த படத்துல கை விட்டுடுச்சு. அம்பு அந்தப் பக்கம். அப்படின்னா, திருப்பி விட்டா அதுவாவே திரும்பி வரணும்."

மெக்கானிக் மூடியைத் திறந்தார். அக்கா ரோட்டரைப் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். சுவரைத் திருப்புவது போல் இருந்தது.

"அது அப்படித்தான் டைட்டா இருக்கும்னு நெனச்சேன் அக்கா" என்றார் மெக்கானிக், தலையைச் சொறிந்தபடி.

அடுத்த பக்கத்தில் அதே குடுவையைக் குறுக்கே வெட்டிக் காட்டியிருந்தார்கள். அடியில் இரண்டு சின்ன எடைக் குண்டுகள், இரண்டு சுருள் கம்பிகள். அதைப் பார்த்ததும் மெக்கானிக் துள்ளிவிட்டார்.

"அட! இது எனக்குத் தெரியும்! டீசல் பம்புக்குள்ளயும் இதே மாதிரி குண்டு உண்டு. எஞ்சின் வேகம் ஏறினா குண்டு வெளிய விரியும். விரிஞ்சா மேல இருக்கற தண்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளும். இங்க அப்படித் தள்ளினா பொறி சீக்கிரமா வரும்."

"சீக்கிரம் வந்தா?"

"ஊஞ்சல் தள்ளற மாதிரிக்கா. மெதுவா ஆடும்போது மெதுவா தள்ளலாம். வேகமா ஆடற ஊஞ்சலுக்குக் கையை முன்கூட்டியே கொண்டுபோகணும். இல்லைன்னா அது போனப்புறம் காத்தைத்தான் தள்ளுவோம். நம்ம சிவப்பி இத்தனை நாளா காத்தைத் தள்ளிக்கிட்டிருக்கா!"

அண்ணன் டயரிலிருந்து எழுந்து வந்தார்.

மெக்கானிக் குடுவை இருந்த நிலைக்கு ஒரு கோடு கீறி அடையாளம் வைத்துக்கொண்டு, அதை முழுசாகக் கழற்றிக் கொடுத்தார். நுணுக்கமான வேலை, அக்காவின் கடையில்தான் நடக்க வேண்டும் என்று அவரே சொன்னார்.

கடை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்தார் அக்கா. அண்ணனும் கூடவே வந்து எதிரில் நின்றார். ரோட்டரை எடுத்தார். தண்டின் உச்சியில் ஒரு பள்ளம். அதில் ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்க வேண்டும். அதில்தான் எண்ணெய் விடுவது. அது ஊறி மெல்ல உள்ளே இறங்கும். அந்தத் துண்டை ஊசி முனையால் குத்தி எடுத்தார். பிசின் கட்டிபோல இறுகிக் கிடந்தது. தேன் நிறத்தில் பளபளத்தது.

அக்கா அதை மூக்கருகே கொண்டுபோனார். அவருக்கு அந்த நிறமும் தெரியும், வாசனையும் தெரியும். கடைக்கு வரும் மெஷின்களில் பாதி அந்த நோயோடுதான் வரும்.

"அண்ணே, இதுல என்ன எண்ணெய் விட்டே?"

"நீ குடுத்ததுதான். வருஷா வருஷம் நீதானே சின்ன டப்பால ஊத்திக் குடுப்பே."

"நான் குடுக்கற எண்ணெய்க்கு வாசனையே கிடையாது. இது வடை சுட்ட சட்டி மாதிரி மணக்குது."

அண்ணன் சுவரில் இருந்த பிஸ்கட் டின்களை எண்ண ஆரம்பித்தார்.

"அண்ணே."

"டப்பா தீந்துபோச்சு. நீ தோள்ல கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தே. எண்ணெய் டின் மேல் தட்டுல இருந்துச்சு. கேட்டா நீ எழுந்து எடுக்கப் போவே. அதுக்காக ஒரு ரெண்டு சொட்டு... எண்ணெய் எண்ணெய்தானேன்னு சமையலறைல இருந்து ரொப்பிக்கிட்டேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

"தினமும் ஷட்டரைத் தூக்கினியே, அப்படியே கையை நீட்டி நீயே எடுத்திருக்கலாம்ல?"

"உன்னைக் கேக்காம உன் டின்னை எடுக்கலாமா?"

அக்காவுக்குத் திட்ட வேண்டும்போல் இருந்தது. சமையல் எண்ணெய் சூடுபட்டுச் சூடுபட்டு, காய்ந்து, பசையாகி, இரண்டு வருஷத்தில் தண்டைக் கவ்விப் பிடித்திருந்தது. அவர் தோள் வலித்த அந்த ஐந்து மாதம்தான் சிவப்பியின் நெஞ்சுக்குள் கட்டியாக உட்கார்ந்திருக்கிறது.

"சரி. இப்ப அந்தப் பக்கமா உக்காரு. சுத்தியலைக் கீழ வை."

அண்ணன் கையில் எப்போது சுத்தியல் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "மெதுவா ஒரு தட்டு தட்டினா..."

"தட்டினா வளையும். வளைஞ்சா இதுக்கு மாத்து எங்கயும் கிடைக்காது. இடுக்கியும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். இது கோவிச்சுக்கிட்டு இல்லண்ணே, ஒட்டிக்கிட்டு இருக்கு. ஊறவிட்டா விடும்."

மேல் தகட்டை எடுத்தார். குண்டுகள் தெரிந்தன. சுருள் கம்பிகளைக் கழற்றும் முன் எது எந்தப் பக்கம் என்று ஒன்றில் சிவப்பு நூல் கட்டினார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்று கொஞ்சம் தடிமன். பள்ளத்துக்குள் இருந்த ஸ்குரூவை எடுத்தார். பிறகு முழுசையும் ஒரு டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, மூடி வைத்து, "நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

வியாழக்கிழமை முன்பகல் வெளியே எடுத்தார். துணி சுற்றிப் பிடித்துத் திருப்பினார். இல்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி அதன்மேல் தண்டைப் பக்குவமாக உருட்டி, சூட்டோடு மறுபடி மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். திருப்பினார். இல்லை. அண்ணன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. மறுபடி சூடு. மறுபடி இரண்டு சொட்டு. ஆபரேஷன் செய்த தோள் வலிக்க ஆரம்பித்தது. அண்ணனிடம் கொடுக்கலாம்தான், ஆனால் அந்தக் கைக்கு ஷட்டர் தூக்கத் தெரியும், இவ்வளவு மெல்லத் திருப்பத் தெரியாது.

நாலாவது தடவை விரலுக்கடியில் ஏதோ நெகிழ்ந்தது. ஒரு மயிரிழைதான். அந்தப் பக்கம் ஒரு மயிரிழை, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை. கொஞ்சம் கொஞ்சமாக மயிரிழை நெல்லளவு ஆனது. 'பொக்' என்று சின்னச் சத்தத்தோடு மேல்தண்டு கழன்று கைக்கு வந்தது.

"வந்துடுச்சா?" என்றார் அண்ணன்.

"வந்துடுச்சு."

அண்ணன் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தார். "உன் கடைல தூசி ஜாஸ்தி" என்றார்.

பல் விளக்கும் பிரஷ்ஷால் பசை எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, மெஷின் எண்ணெய் தடவி, குண்டுகளையும் கம்பிகளையும் நூல் அடையாளப்படி மாட்டினார். ரோட்டரைத் திருப்பி விட்டார். 'டக்' என்று அதுவாகவே திரும்பி வந்தது. அண்ணன் வாங்கித் திருப்பினார். டக். மறுபடி. டக். புது பொம்மை கிடைத்த மாதிரி விடவே இல்லை.

சாயங்காலம் ஷெட்டில் மாட்டிச் சாவியைத் திருப்பினார்கள். 'டமார்' என்று ஒரு வெடி. பக்கத்துக் கடையில் யாரோ டீ கிளாஸைப் போட்டு உடைத்தார்கள். எஞ்சின் ஓடவில்லை. இன்னொரு தடவை. இன்னொரு வெடி.

அக்கா கழற்றிய வரிசையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். கம்பிக்கு அடையாளம் வைத்தவர், எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றுக்கு வைக்கவில்லை. அந்த மேல்தண்டு இரண்டு விதமாகவும் உட்காரும். நேராகவும், நேர் எதிராகவும்.

"அண்ணே, தப்பு என்னோடது. தலைகீழா மாட்டிட்டேன். ரோட்டர் எதிர்ப் பக்கம் பாக்குது."

அண்ணன் அவரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மூன்று நாள் கழித்து வந்த சிரிப்பு. "அப்பாடா! என்னை மட்டும் திட்டுவியேன்னு நெனச்சேன். இப்ப கணக்கு சரியாப்போச்சு."

மறுபடி கழற்றி, அரை வட்டம் திருப்பி, மறுபடி மாட்டினார்கள். இந்த முறை சிவப்பி முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்தார். சத்தம் உறுமலாக எழவில்லை. தெளிவாக, தடையில்லாமல் உயர்ந்தது. மெக்கானிக் கையைத் தட்டினார். "இப்பதான் அக்கா இது என்கிட்ட பேசுது!"

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேற்பார்வையாளர் பேக்கரி வளைவில் நின்றார். டாங்க் விளிம்புவரை தண்ணீர். அண்ணன் ஸ்டியரிங்கில். பக்கத்து சீட்டில் அக்கா. முன்பு அந்தக் குப்பை மெஷின் கயிற்றோடு உட்கார்ந்து வந்த அதே சீட்டு.

"பெல்ட்டு கிடையாது. கயிறு வேணுமா ஊசி?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

வளைவு வந்தது. அண்ணன் இரண்டாவது கியருக்கு மாற்றினார். வழக்கமாகத் திணறும் இடம் வந்தது. அக்கா கதவுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். சிவப்பி ஒரு கணம் தாழ்ந்து, வேகம் பிடித்து, இழுத்தது. இழுத்துக்கொண்டே போனது. ரேடியேட்டர் கொதிக்கவில்லை. கண்ணாடியில் மேற்பார்வையாளர் சின்னதாகிக்கொண்டே போனார். ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

மேலே குடங்கள் வரிசையாக நின்றன. லாரியின் தலை தெரிந்ததுமே யாரோ "சிவப்பி வந்துட்டாடி!" என்று கத்தினார்கள். அண்ணன் பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தினார். வழக்கமாக அவர்தான் இறங்கிப்போய்க் குழாயைத் திறப்பார். அன்று இறங்கவில்லை.

"போ. நீ போய்த் தொற."

"எனக்கு அது பழக்கமில்லியேண்ணே."

"ஷட்டர் தூக்கறதுகூட எனக்குப் பழக்கமில்லதான்."

அக்கா இறங்கிப் பின்பக்கம் போனார். குழாயைத் திருப்பினார். முதல் குடத்தில் தண்ணீர் விழும் சத்தத்தில், அவர் அழுததை யாரும் கேட்கவில்லை. குடம் பிடித்திருந்த அம்மா மட்டும், "ஏம்மா, மூஞ்சியெல்லாம் தண்ணி தெறிச்சிடுச்சே" என்று தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

இப்போது அக்கா கடையில் எண்ணெய் டின் கீழ்த் தட்டில் இருக்கிறது, யார் கைக்கும் எட்டும்படி. சிவப்பியின் சீட்டுக்கு அடியில், புத்தகத்துக்குப் பக்கத்தில், சிவப்பு நூல் கட்டிய ஒரு சின்ன டப்பா. மாதம் ஒரு தடவை அண்ணன் கம்பளித் துண்டில் இரண்டு சொட்டு விடுகிறார். டப்பா காலியாகும் முன்பே கடைக்கு வந்து, "ஊசி, எண்ணெய்" என்று உரக்கக் கேட்கிறார். அப்படிக் கேட்பது அக்காவுக்குப் பிடித்திருக்கிறது.

இதை வாசித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்து யாராவது, தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பார். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. சமையல் எண்ணெயில் தொடங்குங்கள். மீதி தானாக வரும்.